பாப்பாவுக்கு முதல் போன்: பழைய போனைத் தயார் செய்வது எப்படி?

எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பாப்பாவிடம் இப்போது ஒரு போன் இருக்கிறது. ஆயா, அதாவது பாட்டி, வைத்திருந்த பழைய ஆண்ட்ராய்டு. சிம் கிடையாது, வைஃபையும் அணைத்தே இருக்கும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

டேப் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். டேப் வந்தால் கூடவே ஸ்டாண்டு வரும், ஸ்டாண்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய போன் சின்னக் கைக்கு அடங்கும், கீழே போட்டாலும் வயிறு எரியாது. ஆனால் ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு வயதில் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

படி 1: போனைப் பாருங்கள்

பின்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. வேலூர் சாரதி மாளிகைப் பக்கம் உள்ள போன் கடைக்குப் போய் பேட்டரியை மாற்றி, டெம்பர்டு கிளாஸும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

படி 2: பழைய கணக்கை நீக்கிவிட்டுத்தான் ரீசெட்

பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். போனில் கூகுள் கணக்கு இருக்கும்போதே பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தால், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால், திரும்ப ஆன் ஆனதும் அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். திருட்டுப் போனை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான பூட்டு அது. திருடனுக்குச் சரி, ஆயாவுக்கு? போன் வாங்கிய அன்று கடைப் பையனே ஒரு ஜிமெயில் உண்டாக்கித் தந்திருப்பான். பாஸ்வேர்டு என்ன என்று அவனுக்கும் ஞாபகம் இருக்காது. மறந்துவிட்டது என்று அழுத்தினால், ஆயா எப்போதோ தூக்கிப்போட்ட நம்பருக்கு ஓடிபி போகும்.

அதனால், போன் திறந்திருக்கும்போதே செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் அந்தக் கணக்கை நீக்குங்கள். பெரும்பாலும் ஸ்கிரீன் லாக் எண் தெரிந்தால் போதும். அப்புறம் அதே செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். அதற்கு முன்னால் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பேரன் பேத்தி போட்டோ போனால் ஆயா சும்மா விடமாட்டார்.

படி 3: குழந்தைக்குத் தனிக் கணக்கு

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்துவதற்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பை உங்கள் போனில் போட்டு, குழந்தைக்கு ஒரு கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கையே பிள்ளையின் போனில் சேருங்கள். உண்மையான பிறந்த தேதியையே கொடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் பெரியவர்கள் கணக்காகிவிடும், கட்டுப்பாடு உங்கள் கையில் முழுசாக இருக்காது. தினசரி நேரத்தையும், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதையும் இங்கேயே வைத்துவிடலாம். நேரம் முடியப்போகிறது என்று போன் எழுத்தில் காட்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதை நாம்தான் வாயால் சொல்ல வேண்டும்.

படி 4: உள்ளே என்ன இருக்கலாம்

யூடியூப் கிட்ஸ் பற்றி நல்லதாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது தயாராக நிற்கிறது, பிள்ளையிடமிருந்து பிடுங்கும் வேலை நமக்கு வந்துவிடுகிறது. நான் விஎல்சி பிளேயரில் சில வீடியோக்களை மட்டும் ஏற்றிவைத்திருக்கிறேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். விளையாட்டுக்கு ஜிகாம்பிரி (GCompris) ஆப்: இலவசம், விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலே ஓடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பாப்பா அதிகம் கேட்பது ஆயாவின் குரலைத்தான். நரிக் கதை, பேய்க் கதை எல்லாவற்றையும் வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து ஒரு ஃபோல்டரில் போட்டிருக்கிறோம். திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. இயர்போன் கொடுப்பதில்லை, ஸ்பீக்கரே போதும்.

படி 5: ஒரே ஆப்பில் நிறுத்துவது

செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங் அல்லது ஸ்கிரீன் பின்னிங் என்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, சமீபத்தில் திறந்த ஆப்களின் வரிசையில் வேண்டிய ஆப்பின் ஐகானைத் தொட்டுப் பின் செய்தால், அதை விட்டுப் பிள்ளை வெளியே போக முடியாது. வெளியேறும்போது எண் கேட்கும் வசதியையும் சேர்த்து ஆன் செய்யுங்கள். பிள்ளை பார்க்க எண்ணைப் போடாதீர்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சார்ஜ் போடும்போது கவரைக் கழற்றுங்கள், அப்போது விளையாட விடாதீர்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: தன் போனில் நேரத்தைக் கூட்டியும் பிள்ளையின் போன் திறக்கவில்லை என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பிள்ளையின் போனில் நெட் இல்லாவிட்டால் நீங்கள் செய்த மாற்றம் அங்கே போய்ச் சேராது. உங்கள் ஹாட்ஸ்பாட்டைக் கொஞ்ச நேரம் கொடுங்கள், வந்துவிடும். நெட்டே கிடைக்காத இடம் என்றால், ஃபேமிலி லிங்க்கில் பெற்றோருக்கான அணுகல் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளையின் போனில் அடித்தால் திறக்கும். குறியீடு அடிக்கடி மாறும் என்பதால் எழுதிவைத்துப் பயனில்லை, அந்தந்த நேரத்தில் பார்த்துத்தான் போட வேண்டும்.