கலப்பு அயர்ன் செட்: இரண்டு மாடல்கள் சேருமிடத்தில் நேரும் தவறுகள்

கோல்ஃப் பையில் உள்ள அயர்ன்கள் (இரும்புத் தலை கொண்ட, எண்ணிட்ட மட்டைகள்) அனைத்தும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 4, 5 போன்ற நீளமான அயர்ன்களை நடுவில் சரியாகப் பிடித்து அடிப்பது கடினம் என்பதால், அவற்றை மட்டும் தலை சற்றுப் பெரிதான, உள்ளீடற்ற மாடலில் வாங்கிக்கொண்டு, 8, 9 போன்ற குட்டை அயர்ன்களைச் சிறிய தலையுள்ள மாடலில் வைத்துக்கொள்வது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. 2025-இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று நான்கு மேஜர் பட்டங்களையும் நிறைவு செய்த ராரி மெக்கில்ராயின் பையிலும் 5 முதல் 9 வரை பிளேடு எனப்படும் மெல்லிய, சிறிய தலை கொண்ட அயர்ன்களும், 4 அயர்ன் மட்டும் டெய்லர்மேட் பி760 மாடலிலுமாக இருந்தன. யோசனையில் பிழையில்லை, அதைச் செயல்படுத்தும் விதத்தில்தான் பிழை நேர்கிறது. ஒரு முழு செட்டை வடிவமைப்பவர் அயர்னுக்கு அயர்ன் லாஃப்ட் (முகத்தின் சாய்வு), நீளம், எடை, லை (தண்டு தரையோடு சேரும் கோணம்) ஆகியவற்றைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போகிறார். அந்தப் படிவரிசையைப் பாதியில் வெட்டி வேறொரு படிவரிசையோடு ஒட்டும்போது, ஒட்டிய இடத்தில் படி உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அடியில் பொறித்த எண்ணை அளவாகக் கொள்வது

முதல் தவறும் மிகப் பெரிய தவறும் இதுதான். 7 அயர்னின் லாஃப்ட் இத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்போ யுஎஸ்ஜிஏ அமைப்போ வரையறுக்கவில்லை. எண் என்பது நிறுவனம் வைக்கும் பெயர், அவ்வளவே. இன்றைய பிளேடு வகை 7 அயர்னில் லாஃப்ட் 34 அல்லது 35 டிகிரி இருக்கும். தூரத்தை முன்னிறுத்தி விற்கப்படும் மாடல்களில் அதே 7 அயர்ன் 30 டிகிரிக்கும் கீழே வந்துவிடுகிறது. அதனால் ஒரு மாடலின் 5 அயர்னையும் இன்னொரு மாடலின் 6 அயர்னையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் அவை அடுத்தடுத்த அயர்ன்கள் ஆகிவிடா.

பலரும் உண்மையிலேயே கலந்து வைக்கும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்த டெய்லர்மேட் பி790 மாடலில் 4, 5, 6, 7 அயர்ன்களின் லாஃப்ட் முறையே 21, 23.5, 26.5, 30.5 டிகிரி. 2020-இல் வந்த பி770 மாடலில் அவை 22.5, 25.5, 29, 33 டிகிரி. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள், இரண்டுமே உள்ளீடற்ற தலை கொண்டவை, பார்வைக்கும் அண்ணன் தம்பி போல இருப்பவை. ஆகவே ஒத்துப்போகும் என்று நம்பி, 4, 5 இரண்டையும் பி790-இலும், 6 முதல் பி770-இலும் வாங்குகிறார்கள். வரிசையை எழுதிப் பாருங்கள்: 21, 23.5, 29, 33. நான்குக்கும் ஐந்துக்கும் இடையே 2.5 டிகிரி, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே 5.5 டிகிரி, ஆறுக்கும் ஏழுக்கும் இடையே 4 டிகிரி. பிரிவை ஓர் எண் தள்ளி, 6 அயர்ன் வரை பி790, 7 முதல் பி770 என்று வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: 26.5-இலிருந்து 33-க்கு ஒரே தாவலில் 6.5 டிகிரி.

மைதானத்தில் இதன் விளைவு எப்படியிருக்கும் என்றால், 6 அயர்னில் 155 யார்டு அடிப்பவருக்கு 5 அயர்ன் 175 யார்டை ஒட்டிப் போய்விடும்; கொடி 165 யார்டில் இருந்தால் கையில் எடுக்க ஒன்றும் இருக்காது. ஒன்றைப் பாதி வேகத்தில் அடிக்கவோ மற்றொன்றை மூச்சைப் பிடித்து விளாசவோ நேரும். மறுபக்கத்தில் 4 அயர்னும் 5 அயர்னும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பந்தைப் போடும். ஸ்விங் வேகம் குறைந்தவருக்கு 21 டிகிரியில் பந்து போதிய உயரம் எழும்பாமல், 4 அயர்ன் 5 அயர்னைவிடக் குறைவாகப் போவதும் உண்டு. பையில் வைக்க அனுமதிக்கப்பட்ட பதினான்கு மட்டைகளில் ஓர் இடம் இப்படி வீணாகிறது.

சரிசெய்வது கடினமல்ல. பி790-இன் 5 அயர்னை 25 டிகிரிக்கும் 4 அயர்னை 22 டிகிரிக்கும் வளைத்துக்கொண்டால் வரிசை 22, 25, 29, 33 என்று ஒழுங்காகிவிடும். புதிதாக வாங்குபவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே லாஃப்டை மாற்றித் தருமாறு கேட்கலாம். பழையதை வாங்குபவர்கள், மட்டைகளை ஆட்டக்காரருக்கேற்ப அமைத்துத் தரும் நல்ல ஃபிட்டரிடம் கொண்டுபோக வேண்டும். பழைய அயர்ன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை முன்பு வைத்திருந்தவர் தனக்கேற்றபடி வளைத்திருக்கக்கூடும் என்பதால், நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள எண்ணை நம்பாமல் ஒவ்வொன்றையும் லாஃப்ட்-லை இயந்திரத்தில் பொருத்தி அளந்த பிறகே வரிசையை எழுத வேண்டும். பி790 என்ற ஒரே பெயரில் 2017 முதல் பல தலைமுறைகள் வந்திருக்கின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அளவுக்கு மீறி வளைப்பது

வளைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது அடுத்த தவறு. லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் அடிப்பாகத்தின் பவுன்ஸும் (முன்விளிம்பைவிட அடிப்பாகம் தாழ்ந்திருக்கும் கோணம்) ஒரு டிகிரி குறைகிறது. முன்விளிம்பு தரையைத் தோண்டத் தொடங்கும். லாஃப்டை ஒரு டிகிரி கூட்டினால் பவுன்ஸ் கூடுகிறது. இறுகிய, புல் குறைந்த தரையில் தலை துள்ளிப் பந்தின் நடுவயிற்றில் மோதும். ஆஃப்செட்டும், அதாவது முன்விளிம்பு கழுத்துக்குப் பின்னே தள்ளி நிற்கும் அளவும், சிறிது மாறும். ஒன்று அல்லது இரண்டு டிகிரிக்குள் இவை பெரிதாகத் தெரிவதில்லை. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால், தேர்ந்தெடுத்த இரண்டு மாடல்களும் ஒன்றோடொன்று சேராதவை என்றே பொருள். இயந்திரத்தின் மீது பாரத்தைப் போடுவதைவிட மாடலை மாற்றுவது மேல்.

உலோகமும் பார்க்கப்பட வேண்டும். மென்மையான கார்பன் எஃகை அடித்து உருவாக்கிய தலைகள் வளைந்துகொடுக்கும். அச்சில் வார்த்த கடினமான துருப்பிடிக்காத எஃகுத் தலைகள் எளிதில் வளைவதில்லை, அழுத்தினால் கழுத்துப் பகுதியில் உடைந்துபோகவும் கூடும். தலையை இறுகப் பிடிக்கும் பிடியும் கோணத்தைக் காட்டும் அளவுகோலும் இல்லாத பட்டறையில், கண்மதிப்பில் வளைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கூடாது.

லாஃப்ட் ஒத்துவந்ததும் நிறுத்திவிடுவது

தாளில் வரிசை ஒழுங்கானாலும் பந்து அதை மதிக்கும் என்பதற்கு உறுதியில்லை. உள்ளீடற்ற தலையின் முகம் மெல்லியது. அதில் பட்ட பந்து, அதே லாஃப்ட் உள்ள பிளேடில் பட்ட பந்தைவிட வேகமாகப் புறப்படும். எடை கீழே தாழ்ந்திருப்பதால் உயரமாகவும் எழும்பும். ஆகவே 25 டிகிரி உள்ளீடற்ற 5 அயர்னுக்கும் 29 டிகிரி பிளேடு 6 அயர்னுக்கும் இடையே நான்கு டிகிரி வித்தியாசம்தான் என்றாலும், தூரத்தில் ஐந்து டிகிரிக்குரிய இடைவெளி தென்படலாம். இதனால்தான் அனுபவமுள்ள ஃபிட்டர்கள் இணைப்பில் உள்ள இரண்டு அயர்ன்களுக்கு இடையே மட்டும் லாஃப்ட் வித்தியாசத்தை அரை அல்லது ஒரு டிகிரி குறைத்தே வைப்பார்கள்.

தூரத்தோடு பந்து இறங்கும் கோணத்தையும் பார்க்க வேண்டும். 45 டிகிரியை ஒட்டிய கோணத்தில் இறங்கும் பந்து கிரீனில் (குழியைச் சுற்றிய குறும்புல் தரை) நிற்கும் என்பது ஃபிட்டர்கள் கைக்கொள்ளும் பொதுவான கணக்கு. உள்ளீடற்ற தலையில் சுழற்சி குறைவாகக் கிடைப்பது வழக்கம். 6 அயர்ன் விழுந்த இடத்திலேயே நிற்க, 5 அயர்ன் பதினைந்து யார்டு உருண்டு பின்புற பங்கரில் (மணற்குழி) போய் விழுமானால், காற்றில் பறந்த தூரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கலப்பால் பயனில்லை.

பிரிவைப் பிறர் பையைப் பார்த்து முடிவு செய்வது

மெக்கில்ராய் நான்கில் பிரித்திருக்கிறார் என்பதற்காக நாமும் நான்கில் பிரிப்பது அர்த்தமற்றது. அவருடைய ஸ்விங் வேகத்தில் 5 அயர்ன் பிளேடு வானளாவ எழும்பும்; வார இறுதியில் மட்டும் ஆடும் ஒருவரின் கையில் அதே பிளேடு இடுப்பளவு உயரத்தில் ஊர்ந்து போகும். நமக்குரிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எந்த எண்ணிலிருந்து அடிகள் சிதறத் தொடங்குகின்றன, எந்த எண்ணிலிருந்து பந்து கிரீனில் நிற்க மறுக்கிறது என்று நேர்மையாகப் பார்ப்பதுதான். பதினைந்து, பதினெட்டு ஹேண்டிகேப் உள்ள, அதாவது நடுத்தரத் திறனுள்ள, ஆட்டக்காரர்களுக்கு அந்த இடம் 6 அல்லது 7-ஆகவே இருக்கும் என்பது என் கணிப்பு. அவர்களுக்கு 4 அயர்னை எந்த மாடலில் வாங்குவது என்ற கேள்வியே தேவையற்றது. அந்த இடத்தில் ஹைப்ரிட்டோ 7 வுட்டோ (பந்தை எளிதில் எழுப்பும், பெரிய தலை கொண்ட மட்டைகள்) இருக்க வேண்டும். அழகுக்காகக் குட்டை அயர்ன்களை மட்டும் பிளேடாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுடைய ஸ்கோரில் அதனால் எந்த மாற்றமும் வருவதை நான் பார்த்ததில்லை, ஆனால் அவரவர் பணம், அவரவர் ஆசை.

பார்வையையும் புறக்கணிக்க வேண்டாம். பந்தருகே நின்று குனிந்து பார்க்கும்போது 5 அயர்னின் மேல்விளிம்பு விரற்கடை அகலத்துக்குத் தடித்து, முன்விளிம்பு கழுத்துக்குப் பின்னே தள்ளி நிற்கும். அடுத்து எடுக்கும் 6 அயர்னின் மேல்விளிம்பு மெல்லிய கோடாக, கழுத்தோடு நேராக இருக்கும். இந்த ஆஃப்செட் வித்தியாசம் பெரிதாக இருந்தால், வலக்கை ஆட்டக்காரர் ஒன்றை இடப்பக்கம் இழுப்பதும் மற்றொன்றை வலப்பக்கம் விடுவதுமாகத் தடுமாறுவார். கலக்கும் மாடல்கள் ஓரளவாவது ஒத்த தோற்றம் கொண்டிருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஷாஃப்ட், நீளம், லை ஆகியவற்றை மறப்பது

தலையைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட ஷாஃப்ட்டை, அதாவது தண்டை, கடையில் வந்தபடியே ஏற்றுக்கொள்கிறார்கள். டைனமிக் கோல்ட் எஸ்300 ஷாஃப்ட்டின் எடை 130 கிராம் அளவில் இருக்கும். நிப்பான் நிறுவனத்தின் 950 ஜிஎச் 100 கிராமைக்கூட எட்டாது. குட்டை அயர்ன்களில் முதலாவதும் நீள அயர்ன்களில் இரண்டாவதும் இருந்தால், இணைப்பைக் கடக்கும்போது கையில் முப்பது கிராம் திடீரென்று காணாமல் போகும். ஸ்விங்கின் தாளம் மாறும். நீள அயர்ன்கள் சற்று இலகுவாக இருப்பது தவறன்று, ஆனால் அந்த மாற்றம் படிப்படியாக நிகழ வேண்டும். ட்ரூ டெம்பரின் ஏஎம்டி வரிசை ஷாஃப்ட்கள் அயர்னுக்கு மூன்று கிராம் வீதம் எடை மாறும்படி செய்யப்பட்டிருப்பது இதற்காகவே.

நீளம் அயர்னுக்கு அரை அங்குலம் வீதம் மாறுவது வழக்கம். தூர மாடல்களில் ஷாஃப்ட் சற்று நீளமாகவே வரும் என்பதால் இணைப்பில் அந்த அரை அங்குலம் முக்கால் அங்குலமாகவோ ஓர் அங்குலமாகவோ ஆகிவிடலாம். அரை அங்குலம் கூடினால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது தலைப்பக்கம் உணரப்படும் கனம், ஏறக்குறைய மூன்று புள்ளிகள் ஏறும். தலையில் இரண்டு கிராம் கூடினால் ஒரு புள்ளி ஏறும். இந்த அளவில் டி2-இல் ஒன்றும் நான்கு புள்ளிகள் கூடிய டி6-இல் ஒன்றுமாக இரண்டு அயர்ன்கள் அடுத்தடுத்து நின்றால் கை அதை உடனே உணர்ந்துவிடும்.

லை கோணத்தைச் சோதிக்க விலையில்லாத வழி ஒன்று உண்டு. பந்தின் மீது மார்க்கரால் தடித்த செங்குத்துக் கோடு போட்டு, அந்தக் கோடு அயர்னின் முகத்தைப் பார்த்திருக்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் ஒட்டிய கோடு பள்ளங்களுக்குச் செங்குத்தாக நின்றால் லை சரியாக இருக்கிறது. கோட்டின் மேல்முனை தலையின் நுனிப்பக்கம் சாய்ந்தால் அடிக்கும் நேரத்தில் நுனி உயர்ந்திருக்கிறது, அதாவது லை அதிகம் நிமிர்ந்திருக்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். கலப்பு செட்டில் இந்தச் சோதனையை இணைப்பின் இருபுறமும் உள்ள அயர்ன்களுக்குத் தனித்தனியே செய்ய வேண்டும்.

வெட்ஜ் முனையைக் கணக்கில் எடுக்காதது

கலப்பு என்றாலே நீள அயர்ன்களைப் பற்றித்தான் பேச்சு. செட்டின் மறுமுனையிலும், வெட்ஜ் எனப்படும் லாஃப்ட் மிகுந்த குட்டை மட்டைகளோடு சேருமிடத்தில், ஓர் இணைப்பு இருக்கிறது. தூர மாடல்கள் பலவற்றில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி அளவில்தான் வருகிறது. பையில் ஏற்கெனவே இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி என்றால், நடுவே 13 டிகிரி வெற்றிடம். அதை நிரப்ப ஒன்றல்ல, இரண்டு வெட்ஜ்கள் தேவைப்படும். அப்போது பதினான்கு என்ற வரம்பு குறுக்கே வரும். இந்த வரம்பை மீறினால் மீறிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி வீதம், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு அடி தண்டனை. 2001 ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் முன்னணியைப் பகிர்ந்துகொண்டு களமிறங்கிய இயன் வூஸ்னம், பையில் இரண்டு டிரைவர்கள் இருந்ததால் முதல் குழியிலேயே இரண்டு அடிகளை இழந்தார். மாற்று அயர்ன்களைச் சோதித்துவிட்டு அப்படியே பையில் போட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர்கள், ஆட்டத்துக்கு முன் எண்ணிப் பார்ப்பது நல்லது.

தவறான இடத்தில் அளப்பது

பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகளை வைத்து இடைவெளியை முடிவு செய்யக் கூடாது. நீங்கள் போட்டியில் ஆடும் பந்தையே பயன்படுத்த வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள கொடைக்கானலிலோ, 1,800 மீட்டருக்கு மேலே உள்ள நுவரெலியாவிலோ விடுமுறையில் அளந்த தூரங்களும் சென்னைக்கோ கொழும்புக்கோ பொருந்தா. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அங்கே பந்து பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதலாகப் பறக்கும்.

பந்து பறப்பதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கிடைத்தால் முழு செட்டையும் அடித்துக் களைத்துப்போகத் தேவையில்லை. இணைப்பின் இருபுறமும் இரண்டிரண்டு அயர்ன்கள் போதும்: மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 4, 5, 6, 7. ஒன்றையே தொடர்ந்து அடிக்காமல் மாற்றி மாற்றி அடியுங்கள். தொடர்ந்து அடித்தால் கை அந்த ஒன்றுக்குப் பழகி, உண்மை மறைந்துவிடும். தெளிவாகத் தவறிய அடிகளை ஒதுக்கிவிட்டு, மீதியில் பந்து தரையைத் தொடும் வரை பறந்த தூரத்தின் சராசரியையும் இறங்கிய கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 5-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளி 6-க்கும் 7-க்கும் உள்ளதைவிட ஐந்து யார்டுக்கு மேல் கூடியிருந்தால் 5 அயர்னின் லாஃப்டை இன்னும் அரை டிகிரி கூட்டச் சொல்லி, மறுபடி அடித்துப் பாருங்கள்.