பால்டர்ஸ் கேட் 3: முதல் கேரக்டருக்கு எந்த கிளாஸ்?

பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமை முதன்முதலில் திறந்தபோது, கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. அதில் முக்கால்வாசி தலைமுடிக்கே போனது. கடைசியில், கேரக்டர் எப்படிச் சண்டை போடும் என்பதைத் தீர்மானிக்கும் 12 கிளாஸ்களைப் பார்த்துத் தலை சுற்றி, கைக்கு வந்ததைத் தொட்டுவிட்டு, லெவல் 3 வரை அடி வாங்கியே பொழுது போனது. முகம், முடி, குரல் எல்லாம் உங்கள் பாடு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கூட வருபவர்களைப் பாருங்கள்

பார்ட்டியில், அதாவது உங்கள் குழுவில், உங்களையும் சேர்த்து நான்கு பேர்தான். ஷேடோஹார்ட் கிளெரிக், லேசெல் ஃபைட்டர், அஸ்டேரியன் ரோக் என்று ஆரம்பத்திலேயே ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். இது தெரியாமல் நான் விசர்ட் (மந்திரவாதி) எடுத்தேன். போகும் வழியில் ஒரு பாறையில் மின்னும் சுழல், அதற்குள்ளிருந்து ஒரு கை. பிடித்து இழுத்தால் கேல் வந்து விழுகிறார். அவரும் விசர்ட்!

பேச்சுவார்த்தைகளில் பெரும்பாலும் நீங்கள்தான் முன்னால் நிற்பீர்கள். அதனால் கரிஸ்மாவை (பேசிக் கவரும் திறன்) நம்பி ஓடும் கிளாஸ் எடுப்பது லாபம்: பார்ட், பாலடின், சார்சரர், வார்லாக். என் ஓட்டு சபதமேற்ற வீரரான பாலடினுக்கு. கனமான கவசம் போடலாம், பலமாக அடிக்கலாம், லெவல் 1-லேயே தொட்டுக் குணப்படுத்தலாம். எடுத்த சபதத்துக்கு மாறாக நடந்தால் சபதம் முறியும், அதுவும் ஒரு கதைதான். பார்ட் பிரமாதம், ஆனால் முதல் ஆட்டத்துக்குப் பட்டன்கள் அதிகம்.

படி 2: புள்ளிகளைப் பிரிப்பது (நான் சறுக்கிய இடம்)

ஒவ்வொரு கிளாசுக்கும் திறன் புள்ளிகளை ஆட்டமே பங்கீடு போட்டுத் தருகிறது. அதை அப்படியே விட்டிருக்கலாம். நான் கை வைத்தேன். "விசர்ட் பின்னால்தானே நிற்பான், உடம்பு எதற்கு?" என்று உடல் வலிமையைக் குறிக்கும் கான்ஸ்டிடியூஷனை 8-க்கு இறக்கினேன். விசர்டுக்கு லெவல் 1-ல் 6 உயிர்ப்புள்ளி. கான்ஸ்டிடியூஷன் 8 என்றால் அதிலும் ஒன்று குறையும். ஐந்தே புள்ளியோடு கோப்ளின் முன்னால் போய் நின்றால்? ஒரு அம்பு, ஆள் தரையில்.

இன்னொன்றும் உண்டு. கான்சன்ட்ரேஷன் (தொடர் கவனம்) தேவைப்படும் ஸ்பெல், அதாவது மந்திரம், ஓடும்போது அடி விழுந்தால், அது நிலைக்குமா என்று பகடை உருளும். அங்கேயும் கான்ஸ்டிடியூஷன்தான் கைகொடுக்கும். எந்த கிளாசானாலும் அதை 14-க்குக் கீழே விடாதீர்கள்.

கணக்கு இதுதான். ஆறு திறன்களும் 8-ல் தொடங்கும், செலவழிக்க 27 புள்ளிகள். 13 வரை ஏற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. அதன்மேல் ஒரு திறனுக்கு +2, இன்னொன்றுக்கு +1 இலவசம். பகடையோடு சேரும் பலன் இரட்டைப்படை எண்ணில்தான் கூடும். 14-ம் 15-ம் தருவது அதே +2-தான். பாலடினுக்கு நான் போடுவது: ஸ்ட்ரெங்த் 17, கரிஸ்மா 16, கான்ஸ்டிடியூஷன் 14, விஸ்டம் 10, மற்றவை 8. 17 ஒற்றைப்படையாச்சே என்கிறீர்களா? லெவல் 4-ல் ஒன்று ஏற்றினால் 18 ஆகிவிடும்.

படி 3: சப்கிளாஸ்

சப்கிளாஸ் என்பது கிளாசுக்குள் இருக்கும் உட்பிரிவு. கிளெரிக், பாலடின், சார்சரர், வார்லாக் நால்வரும் அதைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு லெவல் 2 அல்லது 3-ல் வரும். இரண்டு கிளாஸ்களைக் கலக்கும் யோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

படி 4: பிடிக்கவில்லையா?

விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூடு ஆசாமி இருக்கிறார். தொடக்கப் பகுதியிலுள்ள பாழடைந்த கல்லறையில் கிடைப்பார். தவறவிட்டாலும் பிறகு முகாமுக்கே வந்துவிடுவார். 100 தங்கம் கொடுத்தால் கிளாஸ், புள்ளிகள் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து போடலாம். கூட்டாளிகளுக்கும் இது செல்லும். கேலையே பார்பேரியன் ஆக்கலாம், நான் ஆக்கிப் பார்த்தேன், பாவம்.

பின்சேர்க்கை: இனத்தையும் மாற்றலாமா என்று படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். விதர்ஸிடம் போனாலும் இனம் மாறாது. எல்ஃபாகத் தொடங்கினால் கடைசிவரை எல்ஃப்தான், அதை மட்டும் முதலிலேயே யோசித்துப் போடுங்கள்.