முழங்கால் வலிக்கு சைக்கிள் கேசட்தான் மருந்து

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயர் மூர்ஸில் ரோஸ்டேல் சிம்னி பேங்க் என்று ஓர் ஏற்றம். செங்குத்தான இடத்தில் மூன்று மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும், அதாவது 33 சதவீதம். அங்கே மணிக்கு 6 கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம். என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுகூட வராது, பாரமெல்லாம் முழங்காலில். மறுநாள் மாடிப்படி இறங்கவே வலிக்கும்.

பின்னால் 11-34 கேசட் மாட்டினேன், அதாவது 11 பல் முதல் 34 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு. இப்போது அதே வேகத்தில் 47, 48 சுற்று வருகிறது. வலி போயே போய்விட்டது.

கேசட்டை மட்டும் மாற்றினால் போதாது. செயினைத் தள்ளிப்போடும் டிரெய்லியர் எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். எனக்கு, அதில் செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு நீளமாக உள்ளது தேவைப்பட்டது. செயினும் புதிது, கூடுதல் கண்ணிகளோடு. முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரங்களில் செயினைப் போட்டு நீளத்தை அளக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது, நீளம் குறைந்தால் டிரெய்லியர் பிய்ந்துவிடும்.

ஈர ரோட்டில் எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி மிதியுங்கள், முன்சக்கரமும் தூக்காது.