கிராம சபைக்கு முன்னால் ஊர் வரைபடம்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஓசூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ராகி விளைந்த நிலமெல்லாம் மனைப்பிரிவாகிக்கொண்டிருக்கிறது. ஆள் பெருகியும் தண்ணீர், குப்பை, சாக்கடை எல்லாம் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன. அடுத்த பத்து வருடத்துக்கு என்ன வேண்டும் என்று ஊரே உட்கார்ந்து பேச ஒரு வழி சொல்கிறேன்.

படி 1: தரையில் வரைபடம்

மேடை, மைக் வேண்டாம். பள்ளி மைதானமும் கோலமாவும் போதும். முதலில் ஏரியைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் மதகு, வரத்துக் கால்வாய், மேல்நிலைத் தொட்டி, வற்றிப்போன போர்வெல், குப்பை கொட்டும் இடம், கடைசியாகப் புது மனைகள். மாவை நீங்கள் கையில் எடுக்கக் கூடாது. ஊர்க்காரர்கள்தான் போட வேண்டும். பெரியவர் ஒருவர் கால்வாய்க் கோட்டை இழுத்துக்கொண்டே போவார், அது நேராக ஒரு மனைப்பிரிவுக்குள் போய் முட்டும். அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும். அடக்காதீர்கள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். கலைவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள்.

படி 2: வராதவர்களைத் தேடுங்கள்

ஆண்கள் கூடிய இடத்தில் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. அவர்களோடு தனியாக உட்காருங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளுக்கு அந்த மொழி தெரிந்தவர் போகட்டும். வாடகைக்கு இருக்கும் கம்பெனித் தொழிலாளர்களை ஷிப்ட் முடிந்த பிறகு பாருங்கள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள் என்பதால், பட்டியலில் இல்லாத தொழிலாளர்களின் குறையை வேறு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

படி 3: எது முதலில்?

ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எந்த வேலை அவசரமோ அந்த இடத்தில் போடட்டும்.

படி 4: புல எண் (சர்வே நம்பர்)

"கால்வாயைக் காணோம்" என்று மட்டும் எழுதினால் மனுவோடு போய்விடும். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அ-பதிவேட்டை (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று காட்டும் பதிவேடு) பார்த்து, கால்வாய் இருந்த நிலம் புறம்போக்கா என்று உறுதி செய்து, புல எண்ணோடு எழுதுங்கள்.

படி 5: தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கோரிக்கையாகப் பேசிவிட்டு வராமல் தீர்மான வாசகத்தையே எழுதிக் கொண்டுபோங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். பதிவேட்டில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தை நீட்டினால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.