பல் கிளினிக்குக்கு வெள்ளக் காப்பீடு: ஐப்பசிக்கு முன்பே பாருங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை பக்கம் தரைத்தளத்தில் பல் கிளினிக் நடத்தும் டாக்டர்களே, கட்டட ஓனரின் பாலிசி உங்கள் பொருளுக்குச் செல்லாது. உங்கள் பெயரில் தனியாக எடுங்கள். 2021-இல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி (சிறு தொழில்களுக்கானது; காப்பீடு செய்யும் சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை) புயல், வெள்ளத்தோடு தொட்டி, குழாய் உடைந்து வரும் சேதத்தையும் ஏற்கிறது. நாள்பட்ட கசிவுக்குப் பொதுவாகக் கிடைக்காது. மதிப்பை 15 சதவீதத்துக்கு மேல் குறைத்துப் போட்டால் கிளெய்மும் குறையும்.

நோயாளி உட்காரும் பல் சிகிச்சைச் சேருக்கு அடியில், தரையோடு ஒட்டிய பெட்டியில்தான் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் சேர்ந்திருக்கும். கணுக்கால் அளவு தண்ணீரே போதும், போச்சு! அதையும் கம்ப்ரஸரையும் சீரியல் நம்பர் தெரியும்படி இப்போதே போட்டோ எடுத்து, பில்லோடு மெயிலில் போட்டு வையுங்கள். அப்புறம், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த எதையும் தூக்கிப் போடாதீர்கள்.