நெஞ்சுக்கு வெளியே இருந்து கரன்ட்: தட்டை லென்ஸ் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

வலங்கைமானில் இருக்கும் என் பெரியப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்துப் பத்து வருஷம் ஆகப்போகிறது. பேட்டரி தீரப்போகிறது, மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியப்பாவோ, "நெஞ்சு மேல ஒரு தகட்ட வச்சா வெளியேருந்தே கரன்ட் போகுமாமே, அது வரட்டும்டா. குறுவை அறுப்பும் முடியட்டும்" என்றார். வாட்ஸப்பில் வந்த செய்தி. அந்தத் தகட்டைத்தான் தட்டை லென்ஸ் என்கிறேன்; ரேடியோ அலையை உடம்புக்குள் ஓரிடத்தில் குவித்து, அங்கே இருக்கும் கருவிக்குச் சக்தி கொடுப்பது. அது பொய்யில்லை. அதை நம்பி அவர் எடுத்த முடிவுதான் ஆபத்து.

இன்று நெஞ்சில் இருக்கும் பேஸ்மேக்கரின் லித்தியம் பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்ய முடியாது. சார்ஜை வாங்கும் சுருளும் அதில் கிடையாது. எந்த லென்ஸை மேலே வைத்தாலும் பயன் இல்லை. 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் அடா பூன் குழுவினர் செய்து காட்டியது, வெளியிலிருந்தே சக்தி வாங்கி இதயத்தைத் துடிக்கவைக்கும் வேறு கருவி: 2 மில்லிமீட்டர், 70 மில்லிகிராம், நெல்மணி அளவுகூட இல்லை. சோதித்தது முயலின் இதயத்தில். 2017-ல் உடம்போடு ஒட்டி வளையும் தகட்டை வைத்து, பெரிய விலங்குகளில் 4 சென்டிமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சக்தியைக் கொண்டுபோனார்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது பேட்டரி மாற்றச் சொல்லியிருந்தால், இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

லென்ஸ் என்றதும் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கும் பூதக்கண்ணாடியை நினைத்துக்கொள்வது அடுத்த தவறு. இது வடிவம் வெட்டிய உலோகத் தகடு. அதன் ஒவ்வொரு பகுதியும் அலையை ஒவ்வொரு அளவு தாமதப்படுத்தி அனுப்பும். திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது; "ஆரூரா, தியாகேசா" என்ற குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுக்கும்போதுதான் சக்கரம் உருளும். அதே மாதிரி, பல இடங்களிலிருந்து கிளம்பும் அலைகள் கருவி இருக்கும் இடத்தில் ஒரே தாளத்தில் போய்ச் சேர வேண்டும். லென்ஸின் வேலை அவ்வளவுதான்.

கல்லூரியில் என் மாணவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். இதற்குப் பயன்படுத்தும் 1.6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் காற்றில் சுமார் 19 சென்டிமீட்டர். தசையில் முக்கால்வாசி தண்ணீர். அதற்குள் நுழைந்ததும் அலை ஏழு மடங்குக்கு மேல் மெதுவாகி, நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சுருங்குவதால்தான் நெஞ்சுக்குள் சின்ன இடத்தில் அதைக் குவிக்கவே முடிகிறது. பசங்க காற்றுக்குக் கணக்குப் போட்டுத் தகட்டை வரைந்துவிட்டு, கம்ப்யூட்டர் சிமுலேஷனில் அலை குவியவில்லையே என்று வந்து நிற்பார்கள். தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் போட்டுப் பாருங்கள். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அங்கே அலையின் நடையே வேறு. அப்புறம் நெஞ்சு மேசை மாதிரி தட்டையும் இல்லை, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும்.

சக்தி போதவில்லையா, கூட்டிவிடு என்பதும் தப்பு. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று தலைமதகை முழுசாகத் திறந்தால் முதல் வயல்தான் மூழ்கும். இங்கே முதல் வயல் தோல். அலையில் பெரும்பங்கை வழியிலேயே திசு உறிஞ்சிச் சூடாகிவிடும். நம் நாட்டில் செல்போனுக்கே ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட் என்றுதான் வரம்பு.

செல்போன் என்றதும் ஒன்று. வயர்லெஸ் சார்ஜரை நெஞ்சில் வைத்துப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். காந்தம் வைத்த போன்கள் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தன் இயல்பான ஓட்டத்தை விட்டுவிடலாம். போன் 15 சென்டிமீட்டராவது, வயர்லெஸ் சார்ஜர் 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பெரியப்பாவின் போன் எப்போதும் இடது சட்டைப் பையில், பேஸ்மேக்கருக்கு நேர் கீழே இருக்கும். எடுத்து மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் பேட்டரி மாற்றத் தேதி வாங்கியாகிவிட்டது. அறுப்பை அண்ணன் பார்த்துக்கொள்வார்.