பனியாற்று நிலவடிவங்கள்: எங்கே தவறு நேர்கிறது?

பனியாறு என்பது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள். அது உண்டாக்கிய நிலவடிவங்களைப் படிக்கும்போது பலரும் உருவத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். உருவம் ஏமாற்றும். ஒரு மேட்டின் முன் நின்றால் இரண்டைக் கேட்க வேண்டும்: இதை உண்டாக்கியது பனியா, தண்ணீரா? பனி எந்தப் பக்கமிருந்து வந்தது?

திசையைத்தான் அதிகம் பேர் தலைகீழாக்குகிறார்கள். டிரம்லின், ரோஷ் மூட்டோனே என்ற இருவகை மேடுகளுக்கும் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் மென்சரிவு. ஆனால் பொதுவாக இரண்டும் நேரெதிர்த் திசையைக் காட்டும். டிரம்லின் பெரும்பாலும் பனி படியவைத்த மண்ணும் கல்லும் சேர்ந்த மேடு. பனி வந்த பக்கம் மழுங்கிச் செங்குத்தாகவும், போன பக்கம் வால்போல நீண்டும் இருக்கும். ரோஷ் மூட்டோனே அடிப்பாறையே. பனி ஏறிய பக்கத்தில் அழுத்தம் கூடுவதால், பனியின் அடியில் பதிந்த கற்கள் பாறையைத் தேய்த்து வழவழப்பாக்குகின்றன. மறுபக்கம் அழுத்தம் குறைந்து, உருகுநீர் விரிசல்களில் புகுந்து உறைகிறது. பனி பாறைத் துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே இங்கே உடைந்த முகம் இருக்கும் பக்கமே பனி போன பக்கம். அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள லெம்பர்ட் டோம் என்ற பாறைக்குன்று இதற்கு அருமையான எடுத்துக்காட்டு.

பனி பாறையில் விட்டுச்சென்ற கீறல்களிலும் இதே சிக்கல்தான். வடகிழக்கு–தென்மேற்காக ஒரு கீறல் ஓடினால், பனி எந்த முனையிலிருந்து வந்தது என்பதை அந்தக் கோடு மட்டும் சொல்லிவிடாது. பக்கத்துப் பாறைத் திட்டின் உடைந்த முகத்தோடு சேர்த்துப் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோதான் மெல்லிய கீறல்கள் கண்ணுக்குப் படும். பாறை பிளந்து இருபக்கமும் உரசி நகரும் பிளவுப் பெயர்ச்சியாலும் பாறையில் கோடுகள் விழும். ஆனால் அந்தப் பிளவுத் தளம் பாறைக்குள்ளே தொடரும். பனிக் கீறல் மேற்பரப்போடு நின்றுவிடும்.

நீள்மேடுகளையெல்லாம் மொரைன், அதாவது பனியாறு சுமந்துவந்து குவித்த மண்கல் மேடு, என்று சொல்லிவிடுவது அடுத்த பிழை. சரிந்து கிடக்கும் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, உள்ளே குலையாத முகத்தைப் பாருங்கள். களிமண் முதல் பாறாங்கல் வரை அடுக்கே இல்லாமல் கலந்து கிடந்தால் பெரும்பாலும் மொரைன். உருண்டை திரண்ட சரளையும் மணலும் அடுக்கடுக்காக இருந்தால், பனிக்கடியில் சுரங்கமாய் ஓடிய ஆற்றின் படிவான எஸ்கர் என்று எண்ண இடமுண்டு. எஸ்கர் மேடேறிப் போகிறதே, ஆறு அப்படி ஓடுமா என்று அதை ஒதுக்க வேண்டாம். மேலே கிடக்கும் பனியின் எடையால் சுரங்கத்து நீர் அழுத்தத்தில் இருக்கும். அதனால் சிறு ஏற்றத்தையும் கடக்கும்.

கற்கள் எல்லாம் கூர்முனையோடு, மேலேயுள்ள சரிவின் ஒரே பாறை வகையாக இருந்தால் முதலில் நிலச்சரிவைச் சந்தேகியுங்கள். பல வகைக் கற்கள் கலந்து, சிலவற்றின் முகம் தட்டையாகத் தேய்ந்து கீறல் விழுந்திருந்தால் பனியாற்றுக்கு வலுவான சான்று.

பனியாறு ‘பின்வாங்குகிறது’ என்றால் பனி மேல்நோக்கி நகர்கிறது என்று பொருளல்ல. பனி கீழேதான் வந்துகொண்டிருக்கும். வருவதைவிட வேகமாக முனை உருகுகிறது. முனை ஒரே இடத்தில் நெடுங்காலம் நின்றால், வந்து விழும் கற்கள் பெருமேடாகும். ஆகவே மொரைனின் உயரத்தை வைத்துப் பனியாற்றின் அளவைச் சொல்லக்கூடாது.

தொங்கும் பள்ளத்தாக்கு என்பது பெரிய பள்ளத்தாக்கின் சுவரில் உயரத்தில் வந்து திறக்கும் கிளைப் பள்ளத்தாக்கு. அது நிலம் பின்னால் உயர்ந்ததால் வந்ததல்ல. கிளைப் பனியாறும் முதன்மைப் பனியாறும் மேற்பரப்பில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சேர்ந்தன. தடித்த முதன்மைப் பனி அடியை ஆழமாகத் தோண்டியது, மெல்லிய கிளையால் முடியவில்லை.

மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்த குறுகிய நீர்ப்பரப்பு ஃபியர்டு. அது கடல்மட்டம் உயர்ந்து மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கே என்ற விளக்கமும் கணக்குக்கு ஒத்துவராது. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர்தான் தாழ்ந்திருந்தது. நார்வேயின் சோங்னஃபியர்டோ 1,300 மீட்டருக்கு மேல் ஆழம். தடித்த பனி கடல்மட்டத்துக்கு வெகு கீழேயும் தரையோடு ஒட்டி நின்று பாறையைத் தோண்டியது. வாயருகே பனி பரவி மெலிந்ததால் தோண்டும் வலு குன்றியது. அதனால்தான் அங்கே அடித்தளம் மேடேறி ஆழம் குறைகிறது.